கொடிக்கு முடி வெட்டிய பெரிய வெள்ளி

புரிங்குக்குப் பயம் வந்தால் சிரிப்பு வந்துவிடும். பிறவிக் கோளாறு, என்ன செய்வது? கல்யாணத்தன்று பாதிரியார் "சம்மதமா?" என்று கேட்டபோது அவள் சிரித்த சிரிப்பில் மாப்பிள்ளை டாடோ வெலவெலத்துப் போனான். மாமியாரின் அடக்கத்தில் சவப்பெட்டியை இறக்கும்போது கயிறு கொஞ்சம் வழுக்கியது. அவ்வளவுதான். முக்காட்டுத் துணியை வாயில் திணித்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க நின்றாள். பார்த்தவர்களெல்லாம் "மாமியார் மேல எவ்வளவு பாசம் பாரு" என்று கண் கலங்கினார்கள். நல்ல மருமகள் என்ற பெயர் சான் பாப்லோ முழுக்க அன்றைக்குக் கிடைத்ததுதான், இன்றுவரை இருக்கிறது.

அதே ஊரில் ஏரிக்கரைத் தெருவில் முப்பத்தொரு வருஷமாகப் பியூட்டி பார்லர் நடத்துகிறாள். இரண்டு நாற்காலி, மூன்று கண்ணாடி, ஒரு குழந்தை இயேசு சொரூபம். ஊரில் பாதித் தலை அவள் கத்தரிக்கோலுக்குக் கீழே குனிந்த தலை. வட்டாரத் தலைவரிடமே "இருக்கிற நாலு முடியை அந்தப் பக்கத்திலேர்ந்து இந்தப் பக்கம் இழுக்காதீங்க, தலைவரே, காத்தடிச்சா மானம் போயிடும்" என்று சொன்னவள் அவள். யார் தலையானாலும் யோசிக்காமல் வெட்டுவாள். ஆனால் கடைக்குள்ளேயே இருந்த ஒன்றன் மேல் மட்டும் அவள் கத்தரி பட்டதே இல்லை. அது அவளுடைய மணி பிளான்ட்.

கொடியா அது? வாசல் மூலையில் ஒரு மண்தொட்டியில் புறப்பட்டு, முதல் கண்ணாடியைச் சுற்றி, இரண்டாவது கண்ணாடியைப் பாதி மூடி, கடிகாரத்தை விழுங்கி, குழந்தை இயேசுவுக்குக் கழுத்துப்பட்டி கட்டி, கூரை வழியாகப் போய் மின்விசிறியில் மூன்று சுற்று சுற்றிக்கொண்டு நின்றது. அடியில் பார்த்தால் இலையே கிடையாது. வெறும் தண்டு, விரல் மொத்தம், பழுப்பு நிறம். இலையெல்லாம் கூரையில். மணி என்னவென்று தெரிய வேண்டுமானால் ஸ்டூல் போட்டு ஏறி இலையை விலக்கிப் பார்க்கவேண்டும். மின்விசிறி நின்று நாலு வருஷமாயிற்று.

நாலு வருஷமும் எப்படியோ ஓடிவிட்டது. இந்த வருஷம்தான் எதிர்ச்சாரியில் ஏசி வைத்த புது பார்லர் ஒன்று வந்து தொலைத்தது. ஏப்ரல் வெயில். மீன் வறுக்கிற சட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி வாடிக்கைக்காரர்கள் வியர்த்துக் கொட்டினார்கள்.

"மதர்," என்றாள் ரொமேலியா. ஞானஸ்நானப் பெயர் ரொமெல், பார்லர் பெயர் ரொமேலியா. பன்னிரண்டு வருஷமாக இரண்டாவது நாற்காலி அவளுடையது, முதலாளி புரிங் அவளுக்கு மதர். "இப்பத்தான் ஒரு பொண்ணுக்கு மேக்கப் போட்டேன். புருவம் வழிஞ்சு கன்னத்துக்கு வந்திடுச்சு. கல்யாணப் பொண்ணு மதர், மீசையோட போகுது!"

"அந்தக் கொடி மேல கை வைக்காதே."

"கொடி வேணுமா, கடை வேணுமா?"

அந்தக் கேள்விதான் சிக்கல். புரிங்கைப் பொறுத்தவரை கொடிதான் கடை.

ஏனென்று யாருக்கும் அவள் சொன்னதில்லை. நான் சொல்கிறேன். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், இருபத்துநாலு வயதில், கணவன் வேலை பார்த்த பஸ் கம்பெனி இந்த ஊரில் என்பதால் வந்து சேர்ந்து, ஒரு நாற்காலியும் ஒரு கண்ணாடியும் வாங்கிப் போட்டுக் கடை திறந்தாள். ஒன்பது நாள் ஒரு ஈ காக்கை உள்ளே வரவில்லை. கடையில் பச்சை இருந்தால் ராசி என்று யாரோ சொன்னார்கள். பச்சை என்றால் சும்மா பச்சை இல்லை. எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், கேட்டு வாங்கின செடி பிழைக்காது, திருடினதுதான் தழைக்கும். ஒன்பதாம் நாள் மத்தியானம் புரிங் இரண்டு வீடு தள்ளி இருந்த ஒரு சமையலறை ஜன்னலுக்குப் போனாள். அங்கே ஒரு தகர டப்பாவில் மணி பிளான்ட். உள்ளே ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு அரிசி மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். நாலு இலையோடு ஒரு தண்டைப் பிய்த்துக்கொண்டு ஓடினாள் புரிங், பயத்தில் சிரித்துக்கொண்டே.

மறுநாள் காலை முதல் வாடிக்கை வந்தது. வந்தது யார் தெரியுமா? அந்த ஜன்னல்காரி! காலையில் அரிசிப் பலகாரம் அவித்து விற்கும் செபா. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து "எனக்குச் சுருள் வைச்சு விடு" என்றாள். அவளுக்கோ இயற்கையிலேயே சுருட்டை முடி, சீப்புப் போட்டால் சீப்பு மாட்டிக்கொள்ளும். புரிங்குக்கு இருந்த குலைநடுக்கத்தில் ஏன் என்று கேட்கவே தோன்றவில்லை. மருந்து போட்டுச் சுருட்டைக்கு மேலே சுருட்டை வைத்து அனுப்பினாள். செபா அந்தத் தலையோடு தெரு முழுக்க நடந்து "புதுசா ஒரு பொண்ணு கடை போட்டிருக்கா" என்று சொல்லிக்கொண்டே போனாள். அதற்கப்புறம் நாற்காலி காலியாக இருந்ததில்லை.

கொடியின் ராசி என்று புரிங் முடிவு கட்டிவிட்டாள். ஒரு இலை குறைந்தாலும் ஒரு வாடிக்கை குறையும் என்று அவளுக்கு ஒரு கணக்கு. அதோடு குற்றவுணர்வு வேறு. அந்த வருஷப் புயலில் செபாவின் ஜன்னலே பிய்த்துக்கொண்டு போயிற்று, டப்பாவும் செடியும் போன இடம் தெரியவில்லை. பிற்பாடு செபா புரிங்கின் மகளுக்கு ஞானத்தாய் ஆனாள், இருவரும் ஒருவரையொருவர் "மாரே" என்று கூப்பிடும் உறவாகிவிட்டது. வாரம் ஒரு தரம் வந்து உட்கார்ந்து, கூரையைப் பார்த்து, "என் ஜன்னல்லயும் இப்படி ஒண்ணு இருந்துச்சு மாரே. இதே மாதிரி மஞ்சக் கோடு" என்பாள். புரிங் விழுந்து விழுந்து சிரிப்பாள். இதில் என்ன சிரிப்பு என்று செபா ஒருநாளும் கேட்டதில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். வருஷத்தில் பார்லர் மூடுகிற ஒரே நாள் பெரிய வெள்ளி. அன்றைக்குத்தான் வேலையை முடிக்க முடியும். புரிங் ஒரு வாரம் தூங்காமல் யோசித்து, கடைசியில் கத்தரிக்கோலைத் தீட்டினாள். காலை பத்து மணிக்குத் தெருமுனைப் பந்தலில் ஒலிபெருக்கி வைத்து இயேசுவின் பாடுகளின் வரலாற்றை இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். செபா வாசலில் வந்து நின்று நெஞ்சில் கை வைத்தாள்.

"இன்னிக்கா வெட்டப்போறே? கடவுள் செத்துக் கிடக்கிற நாளு மாரே. இன்னிக்குப் பட்ட காயம் ஆறாது."

"அது நமக்கு. செடிக்கு யாரு ஞானஸ்நானம் குடுத்தா?"

ரொமேலியா களுக் என்றாள். செபா விரலை ஆட்டினாள். "சிரிக்கக் கூடாது! இன்னிக்குச் சிரிச்சா வருஷம் பூரா வாய் கோணிக்கும்."

சிரிக்கக் கூடாது என்று சொன்னால் போதாதா? மூன்று பேரும் அப்போதே உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். புரிங் பழக்கதோஷத்தில் தொட்டிக்கு வெள்ளைத் துணி போர்த்தி, கழுத்தில் முடிச்சுப் போட்டு, "எவ்வளவு எடுக்கட்டும்?" என்று தண்டைப் பார்த்துக் கேட்டாள். ரொமேலியா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

ஒவ்வொரு தண்டையும் விரலால் தடவிக்கொண்டே போய், எது எதோடு போகிறது என்று பிரித்து, இலை முளைக்கிற கணுவுக்கு ஒரு விரல் மேலே சாய்த்து வெட்டினாள். முறையாகத்தான் ஆரம்பித்தாள், குறை சொல்ல முடியாது. கொடி இறங்க இறங்க, முப்பத்தொரு வருஷமாகக் காணாமல் போனதெல்லாம் கூடவே இறங்கியது. பதினேழு கொண்டை ஊசி. மூன்று சீப்பு. டாடோ தொலைத்துவிட்டு இரண்டு நாள் திட்டு வாங்கிய ஓட்டுநர் உரிமம். கடைசியில் மின்விசிறியிலிருந்து ஒரு சுருளை இழுத்தபோது, டொக் என்று ஒன்று செபாவின் காலடியில் விழுந்தது.

பல்செட்டு.

"இது..." என்றாள் செபா. "இது நேனாவோடது இல்ல?"

வயதில் மூத்த பெண்ணை எங்கள் ஊரில் அலிங் என்போம். அலிங் நேனா எட்டு வருஷத்துக்கு முன்னால் முடி கழுவ வந்து, பல்லைக் கழற்றி எங்கோ வைத்து, கடைசிவரை கிடைக்காமல், பொக்கை வாயோடு புதைக்கப்பட்டவள். அது கூரைக்கு எப்படி ஏறியது? கொடி வளரும்போது கூடவே தூக்கிக்கொண்டு போயிருக்கிறது! ரொமேலியா துண்டை வாயில் திணித்தாள். புரிங் நாற்காலிக்குக் கீழே உட்கார்ந்துவிட்டாள். செபா ஜெபமாலையை இறுகப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரே, ஆண்டவரே" என்று கண்ணீர் வழிய, சத்தம் வராமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். பந்தலுக்குப் போகிற கிழவர் ஒருவர் எட்டிப் பார்த்து, இந்தக் காலத்திலும் ஆண்டவர் பாடுகளுக்கு இப்படி அழுகிறவர்கள் இருக்கிறார்களே என்று தொப்பியைக் கழற்றினார்.

அந்தக் கூத்தில்தான் கை தப்பியது. இடப்பக்கம் கொஞ்சம் நீளமாகத் தெரிந்தது. வெட்டினாள். இப்போது வலப்பக்கம் நீளம். அதையும் வெட்டினாள். நெற்றி முடியைச் சமன் செய்கிற மாதிரி இதோ இன்னும் கொஞ்சம், இதோ இன்னும் கொஞ்சம் என்று போய், துணியை எடுத்துப் பார்த்தபோது தொட்டியில் ஒரு சாண் உயரத்துக்கு மொட்டைத் தண்டுதான் நின்றது. இலை ஒன்றுகூட இல்லை.

"பட்டாளத்துக்குச் சேத்திட்டீங்க, மதர்," என்றாள் ரொமேலியா.

மின்விசிறியைப் போட்டார்கள். நாலு வருஷத் தூசி மூவர் தலையிலும் கொட்டியது. காற்று வந்தது. அப்பாடா, என்ன காற்று!

வெட்டின துண்டுகள் பெரிய துணி துவைக்கிற பாத்திரம் நிறைய. கணுவுக்குக் கணு வெள்ளையாகக் குட்டி வேர், தண்ணீரில் போட்டாலே பிடித்துக்கொள்ளும். விஷயம் கேட்டுத் தெருவே வாசலில் கூடிவிட்டது. "எடுத்துக்கங்க" என்று புரிங் அள்ளி நீட்டினாள். எல்லாரும் இரண்டடி பின்வாங்கினார்கள்.

"ஐயோ குடுக்காதீங்க அலிங் புரிங், குடுத்தா செத்துப்போயிடும்!"

"பின்னே என்னடி செய்யணும்?"

"திரும்பி உக்காரு மாரே," என்று செபா உத்தரவு போட்டாள். "கண்ணை மூடிக்கோ. ஜெபம் சொல்லு."

"பெரிய வெள்ளியில திருடலாமா?"

"இன்னிக்கு விட்டா என்னிக்கு? மேல பாக்கிறதுக்கு ஆளே இல்ல."

புரிங் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கண்ணை மூடினாள். பின்னால் சரசரவென்று திருட்டு நடந்தது. "ஏய், தள்ளாதடி!" "பெருசா எடு, பெருசா எடு." யாரோ தும்மினார்கள், புரிங் வாய் தவறி "நல்லாயிரு" என்றாள், திருடி மரியாதையாக "நன்றி அலிங் புரிங்" என்றாள். எல்லாம் அடங்கினபிறகு, ஒரு செருப்புச் சத்தம் மட்டும் தனியாக வந்தது. இடது காலை இழுத்து இழுத்து வைக்கிற நடை. செபா. பாத்திரத்தில் சலசலப்பு, பிறகு செருப்பு மெதுவாகத் திரும்பிப் போயிற்று.

புரிங்குக்கு நெஞ்சிலிருந்து கல் இறங்கினது போல் இருந்தது. எங்கிருந்து வந்ததோ அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. முப்பத்தொரு வருஷப் பாவம், கேட்காமல் கொள்ளாமல் தீர்ந்தது. அவள் கண்ணைத் திறந்தபோது ஒரு துண்டுகூட மிச்சமில்லை. பாத்திரத்தையும் காணோம்.

தனக்கென்று ஒன்று எடுத்து வைக்கவில்லையா என்று கேட்பீர்கள். ரொமேலியாவும் கேட்டாள். "தாய் என்கிட்ட இருக்கும்போது பிள்ளைங்க எதுக்கு?" என்றுவிட்டாள் மகராசி.

ஈஸ்டர் காலையில் தாய்க்கு அவள் செய்த உபசாரத்தைக் கேளுங்கள். கோயில் மணி அடிக்கும்போது எங்கள் ஊரில் பிள்ளைகள் எல்லாம் குதிப்பார்கள், குதித்தால் உயரமாக வளரலாம். புரிங்குக்கு மூளை வேலை செய்தது. மணிச்சத்தம் கேட்டதுதான் தாமதம், தொட்டியை ஒரு பக்கம் அவளும் மறுபக்கம் ரொமேலியாவும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "வளரு, வளரு!" என்று குதித்தார்கள். ஒன்று. இரண்டு. மூன்றாவது குதியில் முப்பத்தொரு வருஷ மண்தொட்டியின் அடி கழன்று தனியாகப் போயிற்று. தண்டு தலைகீழாகச் சிமெண்டில் விழுந்து, பாதி வேர் படக் படக்கென்று அறுந்தது.

புதுத் தொட்டியில் வைத்தாள். பயத்தில் காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை அரிசி களைந்த கழுநீரை ஊற்றினாள். இலையில்லாத செடி எவ்வளவு குடிக்கும்? மே மாதக் கடைசியில் தண்டைத் தொட்டால் விரல் உள்ளே போனது. அழுகின வாடை.

"நான் சொல்லல?" என்று செபா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதற்கப்புறம் புரிங் புரிங்காக இல்லை. மின்விசிறி ஜம்மென்று சுற்றியது, கண்ணாடி மூன்றும் முழுசாகத் தெரிந்தன, ஆட்களும் திரும்ப வந்துகொண்டுதான் இருந்தார்கள். அவளுக்கு மட்டும் அது வேறு யாருடைய கடையோ மாதிரி இருந்தது. தன் கைக்கு ஒரு திறமையும் கிடையாது, இத்தனை வருஷமும் அந்தத் திருட்டு ராசிதான் கடையை ஓட்டியது, இனி ஓடாது என்று நினைப்பு மனசில் உட்கார்ந்துவிட்டது. ஒரு நாள் வட்டாரத் தலைவரின் காதோரம் கீறிவிட்டாள். பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் நெருக்கடியில் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "பூட்டிட்டு மகள்கிட்டப் போயிடலாம்னு பாக்கறேன்" என்றாள்.

"மதர், காதைக் கீறினப்ப கூட நீங்க சிரிக்கல," என்றாள் ரொமேலியா. "போய் ஒண்ணு திருடிட்டு வாங்க. தெருவெல்லாம் நம்ம கொடிதானே!"

போனாள். போனால் என்ன ஆயிற்று? அவள் தலையைக் கண்டதும் வீட்டுக்கு வீடு ஓடி வந்தார்கள். "அலிங் புரிங், இந்தாங்க, உங்களுக்குன்னே வைச்சிருக்கேன்!" ஒருத்தி ரிப்பன் கட்டிக் கொண்டுவந்தாள். ஒருத்தி அந்தத் துணி துவைக்கிற பாத்திரத்திலேயே வளர்த்துக்கொண்டு வந்து நீட்டினாள். கொடுத்தால் பிழைக்காது என்று சொன்ன அதே வாய்கள்! நன்றிக்கடன் கண்ணை மறைத்துவிட்டது. கண்கொட்டாமல் சிரித்துக்கொண்டு நிற்கிறவர்களிடம் எப்படித் திருடுவது? வேண்டாம் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே தெருக்கோடிவரை போய்த் திரும்பினாள்.

மிச்சமிருந்தது ஒரே வீடு.

சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. பால் டப்பாவில் கொடி, ஏழெட்டு இலை, ஒவ்வொன்றிலும் மஞ்சள் கோடு. உள்ளே செபா முதுகைக் காட்டி உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். ஒரே ஆளிடம், ஒரே ஜன்னலில், இரண்டாம் தரம். புரிங்குக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஏப்ரன் பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்தாள். எத்தனையோ நாளைக்கப்புறம் அடிவயிற்றிலிருந்து அந்தப் பாழாய்ப்போன சிரிப்பு கிளம்பியது. வாயை ஒரு கையால் பொத்திக்கொண்டு மறுகையால் கணுவைத் தேடினாள். கிடைக்கவில்லை.

தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது. செபா திரும்பவில்லை.

"சீக்கிரம் எடுத்துத் தொலை மாரே. போன தடவையும் இப்படித்தான். திரும்பி நின்னு நின்னு என் இடுப்பே விட்டுப்போச்சு."

புரிங்கின் சிரிப்பு அப்படியே நின்றது. "எந்தத் தடவை?"

"நாலு இலை. கிள்ளத் தெரியாம வேரோட பிச்சுக்கிட்டு, கெக்கெக்கேன்னு சிரிச்சுக்கிட்டே ஓடினியே. தெருவுக்கே கேட்டுச்சு."

"தெரியுமா? தெரிஞ்சுமா மறுநாள் கடைக்கு..."

செபா இப்போதுதான் திரும்பினாள். தேங்காய்ப்பூ ஒட்டின கையால் தன் நரைத்த சுருட்டையை ஒரு கொத்துப் பிடித்து இழுத்துக் காட்டினாள். "இதைப் பாரு. பொறந்தப்பவே சுருட்டை. எனக்கு எதுக்குடி சுருள்? ஒரு இலைக்குத் திருட வர்ற அளவுக்கு ஒருத்தி தவிக்கிறாளேன்னு வந்து உக்காந்தேன். உன் மருந்துல மூணு வாரம் தலை எரிஞ்சுது, தெரியுமா?"

புரிங் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். முப்பத்தொரு வருஷமாக இலைக்கு இலை எண்ணிக் காத்த ராசி, வாரம் ஒரு தரம் வந்து எதிரே உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அவளுக்குத் துளிக்கூடப் பயம் இல்லை. பயம் இல்லாததால் சிரிப்பு வரவில்லை. ஓவென்று அழுதாள்.

"அட, மாமியார் செத்தப்ப கூட அழாதவ!" என்றாள் செபா. அவள் மூக்கும் சிவந்துதான் இருந்தது. "நிறுத்து, நிறுத்து. வெட்டினியா இல்லையா? நான் திரும்பிக்கறேன், எடுத்துக்கிட்டு ஓடு."

சொன்னபடியே திரும்பி உட்கார்ந்து தேங்காயைக் கையில் எடுத்தாள். புரிங் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கணுவைப் பார்த்து, நாலு இலையை நறுக்கினாள். ஓடத் தொடங்கினவளை முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் பிடித்தது.

"மாரே! காலைல கடையை நேரத்தோட திறந்து வை. முதல் ஆளா வர்றேன். இந்தத் தடவை முடியை நேராக்கி விடு."